பக்கத்து ஊர்ப் பல்கலைக்கழகம்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



உயர்கல்வி பற்றி எது வேண்டுமானாலும் பேசலாம் என்று அமைப்பாளர்கள் சொன்னார்கள். தரவரிசை பற்றியும் ஆராய்ச்சி நிதி பற்றியும் பேசுவதற்கு ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். அந்தப் பேச்சுகளில் பெயர் அடிபடாத ஓர் இடத்தை எடுத்துக்கொண்டேன். அண்ணா பல்கலைக்கழகமே நேரடியாக நடத்தும் உறுப்புக் கல்லூரிகள். விழுப்புரம், திண்டிவனம், ஆரணி, காஞ்சிபுரம், பண்ருட்டி, அரியலூர், பட்டுக்கோட்டை, திருக்குவளை, திண்டுக்கல், இராமநாதபுரம், நாகர்கோவில் என்று ஊர்ப் பெயர்களோடு இயங்குபவை. இப்படிப்பட்ட ஒரு வளாகத்தில் பல ஆண்டுகள் வகுப்பெடுத்தவன் நான்.

இங்கே படிக்கும் பையனிடம் எந்தக் கல்லூரி என்று கேளுங்கள். "அண்ணா யூனிவர்சிட்டி" என்பான். "கிண்டியா?" என்று அடுத்த கேள்வி வரும். "இல்ல சார், இது எங்க ஊர்ப் பக்கத்துல இருக்கு" என்று குரலைத் தாழ்த்திச் சொல்வான். பட்டச் சான்றிதழில் இருப்பது அதே பல்கலைக்கழகத்தின் பெயர்தான். பிறகு ஏன் குரல் தாழ்கிறது? இன்று நான் பேசப்போவது அதைப் பற்றித்தான். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கல்லூரியை மாணவனுக்கு அருகில் கொண்டுவந்தோம். அது பெரிய காரியம். ஆனால் படிப்பு என்பது வீட்டையும் ஊரையும் விட்டுச் சற்று விலகி நின்று பார்ப்பதும்தான். அந்த விலகலை யார் ஏற்பாடு செய்வது என்று நாம் யோசிக்கவில்லை.

வந்த வழி

கிண்டிப் பொறியியல் கல்லூரியின் வேர் 1794இல் தொடங்கிய நில அளவைப் பள்ளி. 1978இல் அண்ணா பல்கலைக்கழகம் உருவானபோது அதில் சேர்ந்தவை எல்லாம் சென்னையிலேயே இருந்தன: கிண்டி, ஏ.சி. தொழில்நுட்பக் கல்லூரி, குரோம்பேட்டை எம்.ஐ.டி., கட்டடக்கலைப் பள்ளி. 2001இல் மாநிலத்தின் பொறியியல் கல்லூரிகள் அதன் இணைப்புக்குள் வந்தன. 2007இல் பல்கலைக்கழகம் பிரிந்து கோவை, திருச்சி, திருநெல்வேலியில் தனித்தனிப் பல்கலைக்கழகங்கள் வந்தன, 2010இல் மதுரை. சிறிய ஊர்களில் உறுப்புக் கல்லூரிகள் முளைத்தது இந்தக் காலத்தில்தான். 2012இல் பிரிந்தவை மீண்டும் ஒன்றாயின. இடையில் படித்த மாணவர்களுக்குச் சேர்ந்தபோது ஒரு பல்கலைக்கழகம், முடித்தபோது இன்னொன்று. வேலைக்குப் போன இடத்தில் மதிப்பெண் பட்டியலைக் காட்டி அந்தக் கதையை விளக்க வேண்டியிருந்தது.

அதே 2007இல் பொறியியல் சேர்க்கைக்கான நுழைவுத் தேர்வு இல்லாமல் போனது. பிளஸ் டூ மதிப்பெண்ணே போதும் என்றானது. நகரத்துப் பயிற்சி மையத்துக்குப் போக முடியாத பிள்ளைகளுக்கு அப்போதுதான் கதவு திறந்தது. 2010இல் முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்குக் கல்விக் கட்டணச் சலுகை வந்தது. 2021இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, கட்டணத்தை அரசே ஏற்பது. 2022இல் அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம். இவை ஒவ்வொன்றும் வேறு வேறு காலத்தில், வேறு வேறு காரணத்துக்காக வந்தவை. ஆனால் எல்லாம் ஒன்றுசேர்ந்து பலன் கொடுப்பதைக் கண்ணால் பார்க்கவேண்டும் என்றால் ஒரு உறுப்புக் கல்லூரியின் முதலாண்டு வகுப்பில் போய் உட்கார வேண்டும். அப்பா கூலி, அம்மா நூறு நாள் வேலை, வீட்டில் முதல் பட்டதாரி என்று வரிசையாகச் சொல்வார்கள்.

ஏன் இங்கே?

2017 வரை கலந்தாய்வுக்குச் சென்னைக்கே போகவேண்டியிருந்தது. இரவு ரயிலில் அப்பாவும் பிள்ளையும் போய் இறங்கி, அண்ணா பல்கலைக்கழகத்தில் காத்திருந்து, பெயர் கூப்பிட்டதும் உள்ளே போய்த் திரையைப் பார்த்து இடம் தேர்ந்தெடுப்பார்கள். பன்னிரண்டு வருடம் படித்த படிப்புக்குச் சில நிமிடத்தில் முடிவு. 2018 முதல் இணையவழி ஆனது. இப்போது பக்கத்து பிரவுசிங் சென்டர்க்காரரே பாதி ஆலோசகர்.

எங்கள் வளாகத்தை ஏன் எடுத்தாய் என்று முதலாண்டு மாணவர்களிடம் கேட்பது என் வழக்கம். பதில் இரண்டு வகையில் வரும். "கட்-ஆஃபுக்கு இதுதான் சார் கிடைச்சுது" என்பது ஒன்று. "பீஸ் கம்மி, வீட்ல இருந்தே வந்துரலாம்" என்பது இன்னொன்று. இரண்டாவது பதிலைப் பெண்கள்தான் அதிகம் சொல்வார்கள். இன்னும் சரியாகச் சொன்னால், அவர்களைச் சேர்க்க வந்த அப்பாக்கள் சொல்வார்கள். "பொண்ணு வீட்ல இருந்தே போய்ட்டு வந்துரும்ல சார்?" இந்தக் கேள்வியைக் கேட்காமல் கட்டண ரசீதை வாங்கிய தந்தை குறைவு.

கேள்வியில் ஒரு கவலையும் ஒரு நிபந்தனையும் இருக்கின்றன. தொலைவில் மட்டுமே கல்லூரி இருந்திருந்தால் அந்தப் பெண் பிளஸ் டூவோடு நின்றிருப்பாள். அருகில் இருந்ததால் பொறியாளர் ஆகிறாள். இந்த உண்மையை யாரும் குறைத்துப் பேசக்கூடாது. நானும் பேசமாட்டேன்.

பெயர் தெரிந்த இடம்

ஒரு பிரிவுக்கு 60 பேர்; சிவில், மெக்கானிக்கல், டிரிபிள் இ, இ.சி.இ., கம்ப்யூட்டர் சயின்ஸ் என்று ஐந்து பிரிவு. நான் வகுப்பெடுத்த காலத்தில் பெரும்பாலான வளாகங்களின் அளவு இதுதான். சில பிரிவுகளில் பாதி இடம்கூட நிரம்பாத வருடங்கள் உண்டு. அப்படிப்பட்ட வகுப்பில் பின்வரிசை என்று ஒன்று கிடையாது. நேற்று வராதவன் யார், எந்த ஊர், என்ன காரணம் என்பது ஆசிரியருக்கு முன்பே சக மாணவர்களுக்குத் தெரியும்.

இதன் பலன் எங்கே தெரிந்தது என்று ஓர் உதாரணம் சொல்கிறேன். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தது. செமஸ்டர் தேர்வுக் காலம். பட்டுக்கோட்டை, பேராவூரணி, வேதாரண்யம் பகுதிகளில் தென்னந்தோப்புகள் வேரோடு சாய்ந்தன. தென்னை விழுந்தால் ஒரு போகம் போனதாக அர்த்தமில்லை. புதுக்கன்று வைத்துக் காய்ப்புக்கு வரப் பல வருடம் ஆகும். அதுவரை வீட்டில் வருமானம் இல்லை. கரண்ட் வர நாட்கள் ஆன ஊர்களில் இருந்து வந்து பிள்ளைகள் தேர்வு எழுதினார்கள். யார் வீட்டுக் கூரை போனது, யாருடைய புத்தகம் நனைந்தது, யார் படிப்பை விட்டுவிட்டுத் திருப்பூருக்கு வேலைக்குப் போக யோசிக்கிறான் என்பதெல்லாம் எங்களுக்குத் தெரிந்திருந்தது. பெயர் தெரிந்ததால் தேடிப்போக முடிந்தது. பல ஆயிரம் பேர் படிக்கும் இடத்தில் அந்தப் பையன் வருகைப் பதிவேட்டில் ஒரு எண்ணாகக் காணாமல் போயிருப்பான்.

ஆள் குறைவாக இருப்பதில் இன்னொரு நன்மை. எல்லா வேலையும் எல்லோருக்கும் வந்து சேரும். துறை சார்பில் ஒரு சிம்போசியம் நடத்த வேண்டுமென்றால் பேனர் அடிப்பதும், விருந்தினரைப் பேருந்து நிலையத்தில் இருந்து அழைத்து வருவதும், மேடையில் நன்றி சொல்வதும் ஒரே மாணவி. பள்ளியில் ஒருமுறைகூட மைக்கைத் தொடாத பெண் மூன்றாம் ஆண்டில் கணக்கு வழக்கைச் சரிபார்த்து, டெக்கரேஷன்காரரிடம் பேரம் பேசுவாள். என்.எஸ்.எஸ்.க்கும் அவள், விளையாட்டு விழாவுக்கும் அவள். பெரிய வளாகத்தில் இந்த இடங்களைப் பிடிக்கப் போட்டி. இங்கே ஒதுங்கி நிற்க இடமில்லை.

வகுப்புக்குள் நடக்கும் கொடுக்கல் வாங்கலில் எனக்கு மிகவும் பிடித்தது லேட்டரல் என்ட்ரி மாணவர்கள் வரும் இரண்டாம் ஆண்டு. பாலிடெக்னிக் முடித்து நேராக இரண்டாம் ஆண்டில் சேர்பவர்கள் அவர்கள். கடைசலில் கை பழகியிருக்கும். வரைபடத்தைப் பார்த்தால் உருப்படி கண்ணில் தெரியும். ஆனால் முதலாண்டுக் கணக்குத் தாள்களான எம் ஒன், எம் டூ படிக்காமல் எடுத்தவுடன் எம் த்ரீயில், ஃபூரியர் தொடர்களில் வந்து விழுவார்கள். பிளஸ் டூ வழியாக வந்தவனுக்குக் கணக்கு வரும். பட்டறைக்குள் போனால் எந்தப் பக்கம் சுற்றுவது என்று தெரியாது. சின்ன வகுப்பில் இந்த இரண்டு கூட்டமும் தனித்தனியாக உட்கார முடியாது. மதியம் மரத்தடியில் ஒருவன் கணக்குச் சொல்லிக்கொடுப்பான், மறுநாள் லேபில் மற்றவன் கைபிடித்துக் காட்டுவான். என் வகுப்பில் கற்றதைவிட அங்கே அதிகம் கற்றார்கள் என்று தயங்காமல் சொல்வேன்.

கண்காணிக்கும் இடமும் அதுவே

இப்போது மறுபக்கம். எல்லோருக்கும் எல்லோரையும் தெரிந்த இடத்தில் யாரும் தனியாக இருக்க முடியாது. ஒரு பெண் வகுப்புத் தோழனோடு கேன்டீனில் டீ குடித்தால் அவள் வீடு போய்ச் சேருமுன் செய்தி போய்ச் சேரும். பஸ் கண்டக்டர் மாமா முறை. வளாகத்து வாட்ச்மேன் பக்கத்துத் தெரு. பதினெட்டு வயதில் ஒருவர் பழைய கருத்தை விட்டுவிட்டுப் புதிதாக ஒன்றை முயன்று பார்க்க வேண்டும். தவறினால் திருத்திக்கொள்ள வேண்டும். ஊரே பார்த்துக்கொண்டிருக்கும்போது அதற்குத் துணிவு வருவதில்லை.

காலையில் ஏறும் பஸ்ஸில் ஊர் அப்படியே ஏறுகிறது. எந்த நிறுத்தத்தில் ஏறுகிறான் என்பதிலேயே எந்தத் தெரு என்பது தெரிந்துவிடுகிறது. கோயில் திருவிழாவில் நடந்த தகராறு திங்கட்கிழமை வகுப்பறைக்குள் வந்து உட்காருகிறது. கையில் கட்டும் கயிற்றின் நிறத்துக்கும் அர்த்தம் உண்டு. வேறு மாவட்டத்தில் இருந்து வந்த நாலு பேர் ஒரே விடுதி அறையில் தங்கினால் உடைந்துவிடக்கூடிய சாதிக் கணக்குகள், தினமும் வீட்டுக்குப் போய்வரும் கல்லூரியில் உடையாமல் நான்கு வருடம் பத்திரமாக இருக்கின்றன. நல்லாசிரியர்கள் இதோடு மல்லுக்கட்டுகிறார்கள். ஆனால் மாலை பஸ் எல்லாவற்றையும் திரும்ப அழைத்துக்கொண்டு போய்விடுகிறது.

பஸ்ஸைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். மாணவர் பாஸ் உண்டு; 2021 முதல் சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்குப் பயணம் இலவசம். காசுப் பிரச்சினை தீர்ந்தது. நேரப் பிரச்சினை தீரவில்லை. வளாகம் பெரும்பாலும் ஊருக்கு வெளியே, புறம்போக்கு நிலம் கிடைத்த இடத்தில் இருக்கும். மாலை பஸ்ஸை விட்டால் அடுத்தது எப்போது என்று தெரியாது. ஆகவே நூலகம் எட்டு மணி வரை திறந்திருந்தாலும் யாருக்குத் திறந்திருக்கிறது? பிராஜெக்ட் வேலை சூடுபிடிக்கும் நேரத்தில் பெண்கள் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். பையன்கள் இருந்து முடிப்பார்கள். பிறகு செய்முறைத் தேர்வில் வெளியில் இருந்து வரும் தேர்வாளர், "இந்தப் பகுதியை யார் செய்தது?" என்று கேட்பார். பெயர் யாருடையதாக இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அந்தக் குழுவிலேயே நன்றாகக் கணக்குப் போட்டவள் அவளாக இருப்பாள்.

பாடம் எங்கோ, வகுப்பு இங்கே

சிறு வளாகத்து மாணவர் விரைவில் தெரிந்துகொள்ளும் ஓர் உண்மை உண்டு: தனக்கு என்ன வேண்டும் என்பது வேறெங்கோ முடிவாகிறது. கிண்டி போன்ற பல்கலைக்கழகத் துறைகளுக்குத் தனிப் பாடத்திட்டம். உறுப்புக் கல்லூரிகளுக்கு இணைப்புக் கல்லூரிகளின் பொதுப் பாடத்திட்டம், பொது வினாத்தாள். 2021 விதிமுறையில் எழுத்துத் தாளுக்கு அகமதிப்பீடு 40, செமஸ்டர் தேர்வு 60 என்று வந்தபோது வகுப்பாசிரியர் கையில் கொஞ்சம் கூடுதல் பொறுப்பு வந்தது. இருந்தாலும் கடலோரத்தில் படிக்கும் சிவில் மாணவன் உப்புக்காற்றில் கம்பி துருப்பிடிப்பதைத் தன் வீட்டு மாடியிலேயே பார்க்கிறான். அதை ஒரு பாடமாக எடுத்து நடத்த அவன் ஆசிரியருக்கு அதிகாரமில்லை.

விருப்பப் பாடங்களின் பட்டியல் பக்கக் கணக்கில் நீளும். நடப்பது பெரும்பாலும் ஒன்றுதான், எந்த ஆசிரியர் இருக்கிறாரோ அவருக்கு வரும் பாடம். "எந்த எலெக்டிவ் எடுக்கலாம்னு கேக்காத, எது நடக்குதுன்னு கேளு" என்று சீனியர்கள் ஜூனியர்களுக்குச் சொல்வது கேலிதான். கேலிக்குள் ஒரு கசப்பும் இருக்கிறது. ஆசிரியர்களில் கணிசமானவர்கள் தற்காலிகப் பணியில் இருப்பவர்கள். நிலையான வேலை கிடைத்தால் போய்விடுவார்கள், போகவும் வேண்டும். ஆனால் இரண்டாம் ஆண்டில் நம்பிக்கை கொடுத்தவர் நான்காம் ஆண்டில் பரிந்துரைக் கடிதம் எழுத இருப்பதில்லை.

வளாக நேர்முகம் என்ற சொல் இங்கே பாதி பொருந்தும். பல நிறுவனங்கள் சிறு வளாகத்துக்கு வருவதில்லை. மாணவர்கள்தான் பெரிய வளாகத்துக்குப் போகிறார்கள். விடியற்காலை இறங்கி, பேருந்து நிலையக் கழிவறையில் முகம் கழுவி, இஸ்திரி கலையாமல் மடித்து எடுத்துவந்த சட்டையை மாட்டிக்கொண்டு வரிசையில் நிற்பார்கள். பக்கத்தில் நிற்பவன் விடுதியில் இருந்து நடந்து வந்தவன். முதல் சுற்றுக் கணக்குத் தேர்வில் இருவரும் தேறுவார்கள். குழு விவாதத்தில் நம் பையன் வாய் திறக்குமுன் நேரம் முடிந்துவிடும்.

எந்த மொழியில்?

2010இல் உறுப்புக் கல்லூரிகளில் சிவிலும் மெக்கானிக்கலும் தமிழ் வழியில் தொடங்கின. அதே ஆண்டு தமிழ் வழியில் படித்தவர்களுக்கு அரசுப் பணியில் 20 சதவீத முன்னுரிமைச் சட்டமும் வந்தது. இந்த முயற்சியின் சுமையைத் தாங்கியவை சிறு வளாகங்கள்தான். 2023 மே மாதத்தில், சேர்க்கை குறைவு என்ற காரணத்தால் உறுப்புக் கல்லூரிகளில் இந்தப் பிரிவுகளை நிறுத்துவதாக அறிவிப்பு வந்தது. எதிர்ப்பு எழுந்ததும் திரும்பப் பெறப்பட்டது. இரண்டு தரப்பும் மொழியைப் பற்றிப் பேசின. வகுப்பில் உட்கார்ந்திருந்தவர்களைப் பற்றிப் பேசியது குறைவு.

வகுப்பறையில் நடப்பது இதுதான். ஆங்கில வழி, தமிழ் வழி எதுவானாலும் விளக்கம் தமிழில்தான் நடக்கும். "இந்த பீம்ல லோட் இங்க விழுது, அப்ப பெண்டிங் மொமென்ட் எங்க அதிகமா வரும்?" என்றுதான் கேட்போம். இதில் புரியாமல் போனவன் கிடையாது. புரிந்ததைத் தாளில் எழுதும்போதுதான் வழி பிரிகிறது. தமிழ் வழி மாணவனுக்குப் பாடநூல் போதாது. ஆசிரியரின் கைக்குறிப்பும் சீனியரின் ஜெராக்ஸும்தான் துணை. ஆங்கில வழி மாணவன் புரிந்ததைத் தள்ளிவைத்துவிட்டு மனப்பாடத்தை எழுதுவான். நான்காம் ஆண்டில் இரண்டு பேரும் நேர்முகத்தில் ஒரே மாதிரி திணறுவார்கள். தமிழ் வழிப் படிப்பைக் காப்பாற்ற வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. அதற்கு நல்ல பாடநூலும், அதே மாணவனுக்கு நான்கு ஆண்டும் தொடர்ந்த ஆங்கிலப் பேச்சுப் பயிற்சியும் வேண்டும். ஒன்றைக் கொடுத்து மற்றதைப் பறிக்கும் ஏற்பாட்டை ஏழைப் பிள்ளைகளுக்கு மட்டும் விதிக்கிறோம்.

செய்ய வேண்டியவை

இந்தக் குறைகளைச் சொல்லும்போதெல்லாம், அப்படியானால் இந்த வளாகங்களை மூடிவிட்டு மாணவர்களைப் பெரிய இடங்களுக்கு அனுப்பலாமே என்று ஒரு யோசனை வரும். காலி இடங்களின் கணக்கைக் காட்டி இதைச் சொல்வார்கள். மூடினால் பையன்களில் பாதிப் பேர் வேறெங்கோ சேர்வார்கள். "வீட்ல இருந்தே போய்ட்டு வந்துரும்ல" என்று கேட்ட அப்பாக்களின் பெண்கள் எங்கும் சேரமாட்டார்கள். ஆகவே அருகாமையை விட்டுக்கொடுக்க முடியாது. அருகாமைக்குள்ளேயே விலகலை உண்டாக்க வேண்டும்.

அதற்குச் சில ஏற்பாடுகளை முன்வைக்கிறேன். முதலாவது, மூன்றாம் ஆண்டில் ஒரு செமஸ்டரை ஒவ்வொரு மாணவரும் இன்னொரு வளாகத்தில் படிக்கட்டும். உறுப்புக் கல்லூரிகளுக்குள் ஒரே பாடத்திட்டம்; மதிப்பெண்ணை மாற்றிக்கொள்ளச் சிக்கல் இல்லை. இராமநாதபுரத்துப் பெண் நாகர்கோவிலுக்கும், ஆரணிப் பையன் திருக்குவளைக்கும் போகட்டும். பாடத்திட்டம் வேறாக இருந்தாலும் கிண்டி மாணவர்களும் இந்தச் சுற்றில் வரவேண்டும். அவர்கள் வராவிட்டால் இது சலுகையாகிவிடும், பரிமாற்றமாகாது. கல்லூரியே அனுப்புகிறது, கூட ஒரு வகுப்பே போகிறது என்றால் அப்பாக்கள் ஒப்புக்கொள்வார்கள். தொழிற்சாலைப் பார்வைக்கு இரண்டு நாள் அனுப்பத் தயங்கியவர்கள், பெண்ணாசிரியர் ஒருவர் வீட்டுக்குப் போய்ப் பேசியதும் சம்மதித்ததை நான் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது, விடுதி இடம் தரும்போது தூரத்தை மட்டும் அளவுகோலாக வைக்கக்கூடாது. பத்து கிலோமீட்டரில் வீடு இருந்தாலும் இறுதியாண்டுப் பெண்கள் விரும்பினால் தங்கலாம் என்று இருக்க வேண்டும். மூன்றாவது, இரவு எட்டு மணிக்கு ஒரு பஸ். கேட்பதற்குச் சின்ன விஷயம். ஆனால் ஒரு பஸ்தான் நூலகத்தையும் ஆய்வகத்தையும் பாதி மாணவர்களுக்குத் திறக்கிறது. நான்காவது, ஒவ்வொரு வளாகமும் தன் வட்டாரத்தை வைத்து ஒரு பாடமாவது தானே வகுத்து நடத்த அனுமதி. அரியலூரில் சுண்ணாம்புக்கல்லும் சிமென்ட் ஆலைகளும் இருக்கின்றன. இராமநாதபுரத்தில் கண்மாய்கள். டெல்டாக் கடலோரத்தில் புயலும் உப்பும். இந்த இடங்களில் படித்தால்தான் சில விஷயங்களை நன்றாகப் படிக்க முடியும் என்ற நிலை வரும்போது, கிண்டி மாணவனுக்கும் இங்கே வர ஒரு காரணம் கிடைக்கும். இவை எதுவும் நிலையான ஆசிரியர்கள் இல்லாமல் நடக்காது. அதைத் தனிக் கோரிக்கையாக எண்ணிடவில்லை. மற்ற நான்குக்கும் அதுதான் அடித்தளம்.

இந்த அவையில் இருக்கும் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் வளாகம் சின்னது என்பதற்காகக் குரலைத் தாழ்த்த வேண்டியதில்லை. சின்ன இடம் உங்களுக்குப் பொறுப்பைப் பழக்கியிருக்கிறது. நான்கு பேர் வேலையை ஒருவர் செய்யக் கற்றுக்கொடுத்திருக்கிறது. அது தராததைக் கேட்டு வாங்குங்கள். நிறுவனங்கள் தாமாகக் கொடுத்தது குறைவு. மனு எழுதி, கையெழுத்து வாங்கி, திரும்பத் திரும்பப் போய் நின்று பெற்றதுதான் அதிகம். எட்டு மணி பஸ்ஸுக்கான மனுவை யார் எழுதுகிறீர்கள் என்று நிகழ்ச்சி முடிந்ததும் என்னிடம் வந்து சொல்லுங்கள். முதல் கையெழுத்து என்னுடையதாக இருக்கட்டும்.